கஞ்சி போட்ட ஓட்டு

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் —

நான்.

என் மனைவி செல்லம்.

ஆரோக்கியசாமி அண்ணன். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவர். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நேராக எங்கள் கடைக்கு வந்துவிடுவார், கையில் பேப்பரோடு.

வேலு. செம்பாவாங்கில் பிரிட்டிஷ் பட்டாளத்தின் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். மாடியில் குடியிருப்பவன்.

அமெரிக்கச் சிப்பாய் ஒருவன். டேனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் கூட்டாளி இன்னொரு சிப்பாய். இவன் ரே. இரண்டும் நிஜப் பெயர் இல்லை.

ஆக ஆறு பேர். ஆறு பேருக்கு எங்கள் கடையில் நிற்க இடம் கிடையாது. தேக்காவில் டோபி கடை எவ்வளவு பெரிதாக இருக்கும்? முன்னால் இஸ்திரி மேசை. நடுவில் துணி அடுக்கும் பலகை. பின்னால் தொட்டியும் கல்லும். அவ்வளவுதான்.

டேனி அன்று காலை எட்டு மணிக்கே ஒரு முறை வந்து போயிருந்தான். வியட்நாமிலிருந்து ஐந்து நாள் லீவு. இப்படி வருகிறவர்களை இப்போது எல்லா ரோட்டிலும் பார்க்கிறோம். பூப்போட்ட சட்டை, வெட்டிய தலை, எங்கே பார்ப்பது என்று தெரியாத கண்.

ஒரு மூட்டையை மேசைமேல் வைத்தான். பகல் பன்னிரண்டுக்கு வேண்டும், மூன்று மணிக்கு விமானம் என்று கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினான். நான் தலையாட்டினேன். போய்விட்டான்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. துணி வாங்கினால் முதலில் பை. சட்டைப் பை, கால்சட்டைப் பை, உள்பை. கையை விட்டு வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர். முப்பது வருஷமாக நான் தவறியதில்லை.

அன்று தவறினேன்.

காரணம்? அமெரிக்க அரசியல்.

ஆரோக்கியசாமி அண்ணன் பேப்பரை விரித்து வாசித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வருகிறது அல்லவா? இந்தத் தடவை மூன்று பேர் நிற்கிறார்கள். யார் வந்தால் சண்டை நிற்கும், யார் வந்தால் நிற்காது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது.

"சண்டைய நிறுத்தக் கூடாது மாணிக்கம்" என்றார் என்னிடம். "இன்னைக்கு அங்க விட்டா, நாளைக்குக் கம்யூனிஸ்ட்டுக்காரன் தாய்லாந்து. மறுநாள் ஜொகூர் பாலம் தாண்டி நம்ம ஊரு."

"மறுநாள் உங்க வீட்டுக் கோப்பி" என்றான் வேலு. "அடுத்தவன் வீட்டுல அமெரிக்காக்காரனுக்கு என்ன வேல லா? போகச் சொல்லுங்கண்ணே."

"போகச் சொல்றியா? உன் பட்டறைய மூடிட்டு வெள்ளைக்காரன் போறான்னு போன வாரம் அழுதியே, அது யாரு?"

"அது வேற!"

செல்லம் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "அந்தப் பட்டாளம் போகுதேன்னு அழுகை. இந்தப் பட்டாளம் போகலையேன்னு கோபம். ஒரே வாய்ல ரெண்டையும் எப்படித் தம்பி வைக்கிற?"

எல்லாரும் சிரித்தார்கள். வேலுவும் சிரித்தான். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். சிரித்துக்கொண்டே மூட்டையைத் தூக்கிப் போய்த் தொட்டியில் போட்டேன். சோப்பு போட்டேன். ஊறட்டும் என்று விட்டேன்.

பேசியது அவர்கள். கேட்டது நான். தண்ணீரில் போட்டதும் நான்.

ஒன்பது மணிக்கு டேனி ஓடி வந்தான். பின்னால் ரே, மெதுவாக.

டேனி முகத்தில் ரத்தம் இல்லை. கால்சட்டையின் பின்பையைத் தட்டித் தட்டிக் காட்டினான். எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. பின்னால் போனேன். தொட்டிக்குள் கையை விட்டேன். மூன்றாவது கால்சட்டை. பின்பை. பட்டன் போட்டிருந்தது.

ஓர் உறை. நுரையோடு வந்தது.

கல்லில் இன்னும் அடிக்கவில்லை. அது ஒன்றுதான் புண்ணியம்.

"என்ன அது? லெட்டரா?" என்று கேட்டாள் செல்லம்.

ஆரோக்கியசாமி அண்ணன் இங்கிலீஷில் கேட்டார். டேனி சொன்னான். அண்ணன் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"மாணிக்கம்... அவன் ஓட்டுப்பா அது."

ஒரு மணி நேரமாக அமெரிக்கத் தேர்தலைப் பேசிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் முழுக்க அமெரிக்கத் தேர்தல் எங்கள் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். சண்டையில் இருப்பவர்களுக்கு அவர்கள் ஊரிலிருந்தே ஓட்டுச் சீட்டு தபாலில் வருமாம். அதிகாரி முன்னால் உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் பென்சிலால் குறி போட்டு, உறையில் வைத்து ஒட்ட வேண்டும். அதிகாரி உறையின் முதுகில் கையெழுத்துப் போடுவார். பிறகு தபால். டேனி சனிக்கிழமை இங்கே அமெரிக்கச் சிப்பாய்களுக்கான லீவு ஆபீசிலேயே எல்லாம் முடித்துவிட்டான். தபால் பையில் போடுவது மட்டும் பாக்கி.

"ஏன் போடல?" என்றான் வேலு. அண்ணன் அதை இங்கிலீஷில் கேட்டார். டேனி ரேயைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

வேறு சீட்டு வாங்க முடியாதா? அவன் ஊர் பூமிக்கு அந்தப் பக்கம். போய் வர நாள் இல்லை. அவனுக்கு இருபத்தொரு வயது முடிந்து இரண்டு மாதம். முதல் ஓட்டு.

அந்த ஊரில் ஓட்டுப் போட இருபத்தொன்று ஆக வேண்டும். ரேக்குப் பத்தொன்பது. அண்ணனிடம் அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். அண்ணன் எங்களுக்குச் சொன்னார். "துப்பாக்கிக்கு வயசு வந்துருச்சாம். பென்சிலுக்கு இன்னும் வரலையாம்."

"நம்ம ஊரு மட்டும் என்ன?" என்றான் வேலு. "என் அக்கா மகனப் பதினெட்டுல பட்டாளத்துக்குக் கூப்பிட்டாங்க. ஓட்டு இன்னும் மூணு வருஷம்."

அதற்குப் பிறகு ரே சொன்னதுதான் முக்கியம். அவர்கள் கூடாரத்தில் எட்டுப் பேர். இருபத்தொன்று ஆனது டேனிக்கு மட்டும். அதனால் எட்டுப் பேரும் இரும்புத் தொப்பியில் சீட்டுப் போட்டு, யாருக்கு என்று முடிவு செய்தார்களாம். டேனி அப்படியே போடுவதாகச் சத்தியம் செய்தானாம்.

"அப்ப அது எட்டுப் பேரு ஓட்டு" என்றாள் செல்லம்.

"அதைத்தான் ரேயும் சொல்றான்" என்றார் அண்ணன்.

டேனியின் கண் உறைமேல்.

நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். அதிகாரியின் கையெழுத்து பால்பாயின்ட் பேனா. கரையவில்லை. ஆனால் பசை விட்டுவிட்டது. வாய் பிளந்து, உள்ளே இருக்கும் தாள் மடிப்போடு மடிப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே காய விட்டால் கட்டையாகிவிடும். பிரித்தால் கிழியும். பிரிக்கத் தெரிந்தால் கிழியாது.

எனக்குத் தெரியும். மெல்லிய 'வாயில்' ரகச் சேலையை ஈரத்தில் பிரிக்கிறவனுக்குத் தாள் என்ன?

"பிரிக்கணும்" என்றேன். "தேய்க்கணும். ஒட்டணும்."

அண்ணன் இங்கிலீஷில் சொன்னார். ரே உடனே மேசைப் பக்கம் வந்தான். வேலுவும் வந்தான். அண்ணன் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். யாருக்குத்தான் ஆசை இருக்காது? காலையிலிருந்து யார் ஜெயிப்பார், யார் ஜெயிப்பார் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, ஓர் ஓட்டையாவது கண்ணால் பார்த்துவிடலாம்.

டேனி கையை நீட்டி உறையை மூடினான்.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ரேயை. கண்ணாடி போட்ட அண்ணனை. வேலுவை. கடைசியில் என்னை. வேட்டி, பனியன், கையில் கரி இஸ்திரிப்பெட்டி. இங்கிலீஷுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுகிற ஆள். கையை எடுத்து என்னைச் சுட்டிக் காட்டினான். மற்றவர்களைக் கதவுப் பக்கம் காட்டினான்.

"நீ மட்டும் பார்க்கலாமாம்" என்றார் அண்ணன், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. குரலில் வருத்தம்தான்.

ரே நகரவில்லை. "என் ஓட்டும் அதுல இருக்கு" என்றான். அவ்வளவு இங்கிலீஷ் எனக்கே புரிந்தது. டேனி அவன் தோளைப் பிடித்தான். தள்ளவில்லை. பிடித்துக்கொண்டே நின்றான். துப்பாக்கியோடு ஒன்றாகப் படுத்து எழுந்தவர்கள். ஒரு தாளுக்காக இப்படி நிற்கிறார்கள்.

செல்லம்தான் எழுந்தாள். "தம்பி, வா. கோப்பி குடி" என்று தமிழிலேயே சொல்லி ரே கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனாள். போய்விட்டான். அம்மா மாதிரி ஒருத்தி கையைப் பிடித்தால் எந்த நாட்டுப் பட்டாளமும் போகும்.

நான் எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றேன்.

பழைய மல் துணியை விரித்தேன். தாளை வைத்தேன். விரல் நுனியால் ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. இவ்வளவு நீளச் சீட்டை நான் பார்த்ததில்லை. மேலே அதிபர். கீழே வரிசை வரிசையாக வேறு பெயர்கள்.

"இத்தனை பேரு எதுக்கு?" என்று திரும்பாமலே கேட்டேன்.

அண்ணன் வாசலிலிருந்து டேனியைக் கேட்டார். "நீதிபதிக்கும் ஓட்டாம். போலீஸ் தலைவருக்கும் ஓட்டாம். பிணத்தைப் பார்த்துச் சர்டிபிகேட் குடுக்கிற ஆபீசருக்கும் ஓட்டாம்ப்பா!"

"அலாமா!" என்றான் வேலு. "பிணம் பார்க்கிறவனுக்கு யாரு ஓட்டுக் கேட்டு வருவா? என்னன்னு கேட்பான்?"

டேனி அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தான். அந்த வேலையில் இருப்பவர் அவன் சித்தப்பாவாம்.

நமக்கு இந்த வருஷம் தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் எதிர்த்து நிற்க ஆளே இல்லை. சீட்டும் இல்லை, பென்சிலும் இல்லை. அங்கே பிணத்துக்கும் போட்டி. எது நல்லது? எனக்குச் சொல்லத் தெரியாது. ஊர் அமைதியாக இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. டோபிக்கு அது போதும். ஆனாலும் அந்த நீளமான தாளைக் கையில் வைத்திருந்தபோது... கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பெட்டியில் கரி தணிந்த பதம். பட்டுக்கு வைக்கிற சூடு. மேலே ஒரு துணி போட்டு, வைத்து எடுத்தேன். இழுக்கவில்லை. இழுத்தால் பென்சில் தேயும். வைத்து எடுத்து, வைத்து எடுத்து... தாள் விறைத்து நின்றது. மடித்தேன். உறையையும் அதேபோல் காய வைத்தேன்.

ஒட்டுவதற்குப் பசை இல்லை. என்ன செய்ய? மரவள்ளிக் கஞ்சி இருந்தது. காலருக்குப் போடுகிற கெட்டிக் கஞ்சி. ஒரு விரல் தடவி, உறையின் வாயை மூடி, பெட்டியை ஓர் அழுத்து.

பழைய பசையைவிட அது நன்றாகவே பிடித்தது.

டேனி உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நான்கு பக்கமும் தடவினான். தபால்காரனுக்கே சந்தேகம் வராது. அப்புறம் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். விடவே இல்லை.

இந்தத் தடவை அவன் தாமதிக்கவில்லை. மூன்று தெரு தள்ளி லீவு ஆபீஸ். ஓடினான். வேலு கூடவே ஓடினான், சாட்சிக்கு. திரும்பி வந்து, "போட்டுட்டான் அண்ணே. பையில விழுந்த சத்தம் கேட்டேன்" என்றான்.

நான் துணிகளை முடித்தேன். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. ஒரு கால்சட்டை மட்டும் இடுப்பில் ஈரம். அதற்கு மன்னிப்புக் கேட்டேன். டேனி சிரித்தான்.

அவன் மூட்டை கட்டும்போது ரே என் அருகில் வந்தான். கையில் செல்லம் கொடுத்த இரண்டாவது கோப்பி. மெதுவாகக் கேட்டான். கூடாரத்தில் முடிவு செய்த பெயரைச் சொன்னான். "அதுதானே?" என்பது போலப் புருவத்தைத் தூக்கினான்.

பெட்டியிலிருந்த சாம்பலை ஊதினேன்.

அவன் காத்திருந்தான். நான் மறுபடியும் ஊதினேன். சிரித்து, என் தோளில் தட்டிவிட்டுப் போனான். வாசலில் டேனி அவனுக்காக நின்றான். இரண்டு பேரும் ஒரே ட்ரைஷாவில் ஏறினார்கள்.

சாப்பாட்டில் செல்லம் கேட்டாள். "ஏங்க, யாருக்குப் போட்டிருந்தான்?"

"தெரியாது."

"பொய்."

சோறு போட்டாள். மேலே கேட்கவில்லை. ஆரோக்கியசாமி அண்ணன் மட்டும் இப்போது தினம் வருகிறார், பேப்பர் இல்லாமலேயே. "அவன் எதுக்கு உன்னைக் கூப்பிட்டான் தெரியுமா? உனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னுதான்" என்கிறார்.

உண்மைதான். டேனி அப்படித்தான் நினைத்தான்.

ஆனால் முப்பது வருஷமாகச் சட்டைக் காலரில் பெயர் பார்த்துத்தான் துணி பிரிக்கிறேன். எழுத்துக் கூட்டினால் எந்தப் பெயரும் வரும். பென்சில் குறிக்கு நேரே இருந்த பெயரும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தால் தாள் கருகிவிடும் அல்லவா?

கூடாரத்துக்குக் கொடுத்த வாக்கை அவன் காப்பாற்றினானா, தன் மனசுக்குப் போட்டானா... வாசகர்களே, நீங்களும் என்னைக் கேட்காதீர்கள். அமெரிக்காவில் ஓட்டு ரகசியம். தேக்காவிலும்தான்.

அந்தப் பெயர் தெரிந்தவர்கள்: இரண்டு பேர்.