ஒப்பந்தத்துக்குத் துக்கம் விசாரித்த மாமா

எல் சல்வடோர் என்றொரு சின்ன நாடு இருக்கிறது. அங்கே பாண் வாங்கினாலும் பஸ் ஏறினாலும் கொடுப்பது அமெரிக்க டொலர். ஒரு காலத்தில் அவர்களுக்கும் சொந்தக் காசு இருந்தது. பிறகு அதைக் கைவிட்டு வடக்கே இருக்கும் பெரிய நாட்டின் காசையே தங்கள் காசாக்கிக்கொண்டார்கள். இங்கே கனடாவில், பிக்கரிங்கிலிருந்து ரயிலில் வேலைக்குப் போகும்போது கைபேசியில் அந்த நாட்டின் பெயர் தென்பட்டால் நான் நிறுத்திப் படிப்பேன். இந்த நாட்களில் வருவதெல்லாம் சிறைச்சாலைச் செய்திகள். பெரிய நாடு தனக்கு வேண்டாதவர்களை விமானத்தில் ஏற்றி அங்கே கொண்டுபோய் அடைத்துவைத்த செய்தியைப் படித்துவிட்டு நான் ‘சீ’ என்று சொன்னபோது, பக்கத்து ஆசனத்துக்காரர் தன்னைத்தான் சொன்னேனாக்கும் என்று காலை மடக்கிக்கொண்டார்.

நான் அந்த நாட்டுக்குப் போனதே இல்லை. ஆனால் அதன் அரசியல் வரலாற்றை ஒன்பது வயதில், ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் மெஷின்களுக்கு நடுவே படித்தவள் நான்.

அப்போது நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தோம். அந்தக் கட்டடத்தில் லிப்ட் எந்த மாடியில் நின்றாலும் ஒரு யுத்தம் ஏறும் என்று அம்மா சொல்லுவார். எங்கள் மாடியில் இரண்டு யுத்தங்கள் இருந்தன. ஒன்று எங்களுடையது. மற்றது எல் சல்வடோரிலிருந்து வந்து நடைபாதையின் அந்தப் பக்கம் இருந்த மரிசோல் வீட்டாருடையது. மரிசோலும் நானும் ஒரே வகுப்பு. அவளுக்குத் தெரியாமல் எனக்கு ஒரு பல்லும் விழுந்ததில்லை.

மாமா என்பது அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு ஹோலில் படுப்பார். இரவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவார், பகலில் உலக அரசியலைக் கழுவுவார். எந்த விஷயத்தைக் கேட்டாலும் அவர் முதலில் கேட்பது, “உதுக்குப் பின்னால ஆர்?” என்றுதான். லிப்ட் பழுதானாலும் அதற்குப் பின்னால் ஒருவன் இருப்பான். அப்பா இந்தப் பேச்சுக்குப் பிடிகொடுப்பதில்லை. அதனால் கேட்பதற்கு ஆள் இல்லாமல் மாமா வாடிப்போயிருந்த காலத்தில்தான் மரிசோலின் அப்பா கிடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரே நேரத்தில் உடுப்புத் தோய்க்க இறங்குவார்கள். மாமாவுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. மரிசோலின் அப்பாவுக்குத் தமிழ் தெரியாது. இருவரிடமும் இருந்த ஆங்கிலம் ‘கோ’, ‘கம்’, ‘நோ’ என்ற அளவில் நின்றுவிட்டது. அதை வைத்துக்கொண்டு உலகை ஆராய முடியாது. ஆகவே என்னையும் மரிசோலையும் நடுவில் உட்காரவைத்தார்கள். மாமா தமிழில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் மரிசோலுக்குச் சொல்வேன், அவள் அதை ஸ்பானிய மொழியில் தன் அப்பாவுக்குச் சொல்வாள். பதில் அதே வழியால் திரும்பி வரும். ஏகாதிபத்தியம் என்று மாமா சொன்னால் நான் ‘பெரிய சண்டியன்’ என்று மாற்றிச் சொல்வேன். மரிசோலின் அப்பா பலமாகத் தலையாட்டுவார். இன்றைக்கு யோசித்தாலும் அந்த மொழிபெயர்ப்பில் பெரிய பிழை இருப்பதாகத் தெரியவில்லை.

மேசையில் சவர்க்காரத்தூளைக் கொட்டி, விரலால் நாடுகளைக் கீறுவார்கள். மாமா ஒரு பெரிய நாட்டையும் அதன் காலடியில் ஒரு சின்னத் துளியையும் கீறுவார். மரிசோலின் அப்பா வடக்கே ஒரு பெரிய நாட்டைக் கீறி, எவ்வளவோ கீழே, விரல் நுனியால் ஒரு சின்ன இடத்தைத் தொட்டுக்காட்டுவார். அங்கே நல்ல நிலமெல்லாம் கோப்பித் தோட்டமாம். தோட்டமெல்லாம் சில குடும்பங்களின் கையிலாம். ஏழைகள் நிலம் கேட்டபோதெல்லாம் ஆமி வந்ததாம். பூசை வைத்துக்கொண்டிருந்த பாதிரியாரையே சுட்டார்களாம். அந்த ஆமிக்குத் துவக்கும் ஹெலிகொப்டரும் பயிற்சியும் காசும் கொடுத்தது வடக்கே இருந்த பெரிய நாடாம். அவர் பஸ் திருத்துகிறவராக இருந்தவர். அந்த நாட்டின் பஸ்கள்கூடப் பெரிய நாடு ஓடிக் கழித்த மஞ்சள் பள்ளிக்கூட பஸ்கள்தானாம். எங்கள் பள்ளிக்கூட பஸ் வந்து நிற்கும்போது ஏன் அந்த மனிதர் குனிந்து சில்லைப் பார்க்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

மாமா ஒவ்வொரு வசனத்துக்கும் தொடையில் தட்டுவார். “அச்சொட்டா எங்கட கதை! ஊர்ப்பேரை மட்டும் மாத்திப்போட்டாங்கள்.” இதையும் நான் மொழிபெயர்க்க வேண்டும். பத்துத் தரத்துக்குப் பிறகு, மாமா தொடையில் தட்டியதும் மரிசோல் தானாகவே சொல்லிவிடுவாள்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு, ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது மாமா வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. மரிசோலின் நாட்டில் அரசாங்கமும் போராளிகளும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று ரீவியில் சொன்னதாம்.

“வா, ஒருக்காப் போய் முகத்தைக் காட்டிப்போட்டு வருவம்,” என்றார். “பாவம், நல்ல மனிசன். போன உடன சிரிச்சுக் கதைச்சுப்போடாத. வெளிக்கிடேக்க ‘போட்டு வாறம்’ எண்டும் சொல்லக்கூடாது.”

செத்த வீட்டில் ‘போய்வருகிறோம்’ என்று விடைபெறுவதில்லை; அங்கே போகும்போது சொல்கிற புத்திமதி அது. ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒப்பந்தம் என்ற சொல்லுக்கு ஒரு கருத்துத்தான் இருந்தது. எங்கள் நாட்டிலும் ஒன்று எழுதினார்கள். அமைதி காப்பதற்கென்று பக்கத்துப் பெரிய நாட்டின் ஆமி வந்து இறங்கியது. சனம் முதலில் மாலை போட்டு வரவேற்றது. சில மாதங்களில் அதே ஆமி எங்கள் ஊருக்குள் சுட்டுக்கொண்டு வந்தது. அம்மாவின் அண்ணனை, என் பெரிய மாமாவை, ஆமிக்காரர் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. ஆகவே ஒருவன் நாட்டில் ஒப்பந்தம் எழுதினால் துக்கம் விசாரிக்கப் போவதுதான் முறை என்று மாமா நினைத்ததில் அவர் அளவில் ஒரு நியாயம் இருந்தது.

மரிசோல் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சின்ன ஹோலுக்குள் சனம் நெருக்கியடித்துக்கொண்டு ஆடியது. மாமா வாசலில் கைகட்டி நின்றார். சில சனம் செத்த வீட்டில் பறையடிக்கிறதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார் போலிருக்கிறது, முகத்தை மாற்றவில்லை. மரிசோலின் அப்பா ஓடிவந்து மாமாவைக் கட்டிப்பிடித்தார். அவர் கண்ணால் நீர் வடிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் மாமாவுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. முதுகைத் தடவி, “அழாதேங்கோ அண்ணை, எல்லாம் விதி,” என்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடமையைச் செய்தேன்.

மரிசோல் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “உன் மாமா ஏன் கவலைப்படுகிறார்? எங்கள் யுத்தம் முடிந்துவிட்டது,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

“மாமா, இவை சந்தோசத்தில அழுகினமாம்.”

வீடு மாறி வந்துவிட்ட மனிதரைப் போல மாமா நின்றார். அதற்குள் மரிசோலின் அம்மா, மாப்பூசிய கையோடு வந்து, உள்ளே மசித்த அவரைப்பருப்பு வைத்துத் தட்டிய சூடான ரொட்டி ஒன்றை அவர் கையில் திணித்தார். ஒரு கிழவி மற்றக் கையைப் பிடித்து இழுத்தார். துக்கம் விசாரிக்க வந்த வெள்ளைச் சேட்டோடு, கையில் ரொட்டியோடு, மாமா ஆடினார். அது ஆட்டம் என்று சொல்ல முடியாது. காவடிக்காரருக்கு வழிவிடுகிறவர் மாதிரி அப்படியும் இப்படியும் நகர்ந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரிசோல் என் காதுக்குள் சொல்லியிருந்தாள்: அப்பா திரும்பிப் போவோமா என்று யோசிக்கிறார்.

சற்று நேரத்தில் மரிசோலின் அப்பா எங்கள் மூவரையும் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். அவர் இப்போது சிரிக்கவில்லை. மரிசோல் மெதுவாகச் சொல்லச் சொல்ல நான் மாமாவுக்குச் சொன்னேன். உங்கள் நாட்டிலும் ஒப்பந்தம் எழுதினார்கள், நீங்கள் அதைப் பார்த்தவர். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? நீங்கள் சொல்லுங்கள்.

எனக்கு உயிர் வந்தது. கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறார். ஒப்பந்தங்களைப் பற்றி மாமா சொல்லப்போவது எனக்குப் பாடம். மொழிபெயர்ப்பைக்கூட நான் மனதுக்குள் ஆயத்தம் செய்துவிட்டேன். எல்லாம் பொய், பெரிய சண்டியன் பின்னால் நிற்கிறான், போகாதீர்கள். மரிசோல் இங்கேயே இருப்பாள்.

மாமா கையிலிருந்த ரொட்டியை மேசையில் வைத்தார். வழக்கமாகக் கேள்வி முடிவதற்குள் பதிலைத் தொடங்குகிறவர், அன்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சாத்திய கதவுக்கு அப்பால் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

“போகச் சொல்லு,” என்றார்.

நான் அவர் சேட்டைப் பிடித்து இழுத்தேன். “மாமா, ஒப்பந்தமெல்லாம் பொய் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!”

“நான் சொன்னது எங்கடையை. உது அவையின்ர. ஒரு ஒப்பந்தமாவது நிலைச்சு நிக்கட்டும்.”

மாற்றிச் சொல்ல எனக்கு ஆசையில்லாமல் இல்லை. ஆனால் ‘கோ’ என்ற சொல் மாமாவுக்கும் தெரியும், மரிசோலின் அப்பாவுக்கும் தெரியும். அவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவான மூன்று சொற்களில் அதுவும் ஒன்று. நான் அழுதுகொண்டே சொன்னேன். மரிசோலும் அழுதுகொண்டே சொன்னாள். மரிசோலின் அப்பா மாமாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெளிக்கிடும்போது மாமா, சொல்லக்கூடாது என்று எனக்குச் சொன்னதை மறந்து, “அப்ப போட்டு வாறம் அண்ணை,” என்றார்.

கோடை விடுமுறையில் அவர்கள் போனார்கள். நான் மாமாவோடு கதைப்பதை நிறுத்திவிட்டேன். ஒன்பது வயதில் ஒருவரை வெறுக்க முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும், மிக நன்றாக முடியும் என்று சொல்வேன். உலகத்தில் உள்ள அத்தனை நாட்டுக்கும் புத்தி சொல்கிறவர், கேட்ட ஒரேயொரு ஆளுக்குப் பிழையாகச் சொல்லி என் சிநேகிதியை அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியாகவே கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். அப்படியும் மனம் கேட்காமல் என்னிடம் வந்து, “உம்மட சிநேகிதி கோல் எடுத்தவவோ?” என்று கேட்பார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் கேட்கிறார் என்று நினைத்து நான் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொள்வேன்.

மரங்கள் இலை கொட்டத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் அடித்தது. மரிசோல்தான். எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து கதைப்பது போலிருந்தது. புதுப் பள்ளிக்கூடத்தில் தன்னைக் கனடாக்காரி என்று கூப்பிடுகிறார்கள் என்றாள். அப்பாவுக்கு பஸ் திருத்துகிற வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்றாள். மாமா சோபாவிலிருந்து எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். ஆட்சியில் யார், பின்னால் யார் என்று கேட்கப்போகிறார் என்று நான் ரிசீவரைத் திருப்பிப் பிடித்தேன். அவருக்கு ஒரேயொரு கேள்விதான் இருந்தது.

“அண்ணை இரவில நாய் குரைச்சா எழும்புறவரோ எண்டு கேள்.”

குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கத்தி நின்றது. ஊரில் இரவில் நாய் குரைத்தால் ஒழுங்கைக்குள் ஆமி வந்துவிட்டது என்று அர்த்தம். பெரிய மாமாவைக் கூட்டிக்கொண்டு போன இரவு முதலில் குரைத்தது எங்கள் வீட்டு நாய்தானாம். அதையெல்லாம் எனக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை. வெளிநாட்டுக் கோலில் கேட்கிற கேள்வியா இது என்று எரிச்சலோடுதான் கேட்டேன்.

மரிசோல் அப்பாவிடம் கேட்பதும், அவர் சிரிப்பதும், நீளமாக ஏதோ சொல்வதும் கேட்டது. வந்த நாட்களில் நாய் குரைத்தால் எழும்பிக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாராம். இப்போது படுத்தபடியே செருப்பை எடுத்து ஜன்னலால் நாய்க்கு எறிந்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாராம்.

நான் அதை மாமாவுக்குச் சொன்னேன். அவர் திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் குளியலறைக்குள் போய்த் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டார். பைப் சத்தத்தையும் மீறி அவர் அழுவது கேட்டது. அம்மா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாரே தவிர, போய்க் கதவைத் தட்டவில்லை.

எனக்கு மாமாவில் முதல்முதலாக இரக்கம் வந்தது. பெரிய மனிதர், கோப்பை கழுவிக் கை வெடித்தபோதுகூட அழாதவர், எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ ஒருவருடைய நாய் செருப்படி வாங்கியதற்காக இப்படி அழுகிறாரே என்று நினைத்தேன். ரிசீவரை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன்.

“மாமா, அழாதேங்கோ. நாய்க்குப் படேல்லையாம்.”