இரண்டாம் பாகத்தில் மாமன் சாவான்

பிள்ளைகளுக்கு என்ன வாசிக்கக் கொடுக்கலாம் என்று பெற்றோர் யாராவது கேட்டால், அந்த ஐந்து பாக மாயக்கதையைத்தான் இன்றும் சொல்கிறேன். குளத்துக்கு அடியில் ஒரு நாடு, மீன்களோடு பேசும் இளவரசி, மடையைத் திறந்தால் வேறோர் உலகம். அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லும்போதே, "இரண்டாம் பாகத்தில் மாமன் செத்துப்போவான்" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். "என்ன டீச்சர், கதையை இப்பவே சொல்லிட்டியளே!" என்று முகம் சுளிப்பார்கள். சுளித்தால் சுளிக்கட்டும். நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

அப்போது எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேரவில்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது. நெய்யூர்ப் பக்கத்து வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. நாஞ்சில் நாட்டில், வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எடுத்தேன். அந்த வகுப்பில் ஒரு பெண். எதைக் கொடுத்தாலும் வாசித்து முடித்துவிட்டு "இன்னும் இருக்கா டீச்சர்?" என்று வந்து நிற்பாள். அவள் அப்பாவுக்குக் குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். அப்படி வந்த ஒரு நாளில் அவரையும் அவள் அம்மாவையும் கூப்பிட்டு, இந்தக் கதையைப் பிள்ளை வாசிக்கட்டும் என்று முதல் பாகத்தைக் கொடுத்தேன். இரண்டு பேரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள்.

அங்கேதான் தப்புச் செய்தேன். எங்கள் வீட்டில் அப்பா சரி என்றால் சரி. அந்த ஊரில் அப்படியில்லை. சொத்து உடன்பிறந்தாள் பிள்ளைகளான மருமக்களுக்கு என்றிருந்த வழக்கம் சட்டத்தில் மாறிப் பல வருஷம் ஆகியும், பிள்ளைகள் விஷயத்தில் அம்மாவின் அண்ணன் சொல்வதுதான் நடந்தது. தாயும் மகளும் அந்த மாமாவின் வீட்டில்தான் இருந்தார்கள். தங்கையின் பங்கு வயலைப் பிரித்துக் கொடுக்காமல் அவர் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஊரே முணுமுணுத்ததாம். என் காதில் மட்டும் விழவில்லை.

கதையிலோ, இளவரசியின் நாட்டைப் பிடுங்கிக்கொள்பவன் அவளுடைய தாய்மாமன்!

மாமாவுக்குக் கண்ணில் புரை, அச்செழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. மருமகள் உரக்க வாசித்ததைக் கேட்டுவிட்டு, மறுநாள் மத்தியானமே புத்தகத்தோடு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

"டீச்சரே, எங்க குடும்பக் காரியம் ஒங்களுக்கு ஆரு சொன்னா?"

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. இது மெட்ராஸ்ல ஆரோ எழுதுன கதை."

"மருமவ நாட்ட மாமன் முழுங்கிட்டான்னு எனக்க வீட்டுல இருந்தே பிள்ள படிக்கா. இதுதான் படிப்புன்னா, அஞ்சோட நிறுத்திரலாம்."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அவசரப்படாதீங்க. ரெண்டாம் பாகத்துல அந்த மாமா மனசு மாறி, மருமவளுக்கு முடி சூட்டுகாரு."

இரண்டாம் பாகத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அவர் புத்தகத்தை என் மேசையில் வைத்தார். "செரி. சனிக்கிழம அந்தப் புஸ்தகத்தோட வீட்டுக்கு வாங்க. பிள்ள வாசிக்கட்டு, நான் கேக்கேன். நீங்க சொன்னது போல இருந்தா நாகர்கோவில்ல விட்டுப் படிக்க வைக்கேன். இல்லேன்னா அஞ்சோட செரி."

நாகர்கோவிலுக்குப் போய் இரண்டாம் பாகத்தை வாங்கி, திரும்பும் பஸ்ஸிலேயே கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். மனசு மாறுவதாவது, மண்ணாவது! மடையை அடைக்கப்போன மாமன் வெள்ளத்தில் மூழ்கிச் சாகிறான், மீன்களெல்லாம் கூத்தாடுகின்றன. எழுதின மனுஷனை வாயாரத் திட்டினேன். பிறகு, இன்றைக்கும் நினைத்தால் கூசுகிற காரியத்தைச் செய்தேன். வெள்ளிக்கிழமை அவளைத் தனியாகக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"மக்கா, இங்க வந்ததும் இதுல உள்ளத வாசிக்காத. மாமா அழுதாரு, முடியக் கொடுத்தாருன்னு சொல்லு. ஒனக்கப் படிப்பு இதுலதான் இருக்கு, கேட்டியா?"

தலையாட்டினாள்.

சனிக்கிழமை காலையில் அவர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா கதவோரம் நின்றார். பெண் கணீரென்று வாசித்தாள். ஒவ்வொரு தாள் புரளும்போதும் மிச்சம் எத்தனை பக்கம் என்று எண்ணினேன். அந்தப் பக்கம் வந்தது. நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். கண்ணாலேயே கெஞ்சினேன்.

குனிந்து, அச்சில் இருந்ததை அப்படியே வாசித்தாள். மடை, வெள்ளம், மாமன் கையைத் தூக்கிக்கொண்டு மூழ்கியது, ஒன்று விடவில்லை.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா கண்ணைத் திறந்தார்.

"ஏட்டி, இப்படித்தான் போட்டிருக்கா?"

"ஆமா மாமா. டீச்சர் மாத்தி வாசிக்கச் சொன்னாவ. எனக்கு வரல்ல."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவளிடம்தான் கேட்டார்.

"மாமன் போன பொறவு நாட்ட ஆரு பாத்தா?"

"மருமவதான். நல்லாப் பாத்தாளான்னு மூணாம் பாகத்துலதான் இருக்கும்."

வாசலில் ஒரு மாடு கத்தியது ஞாபகம் இருக்கிறது.

"பிள்ள படிக்கட்டு," என்றார் கடைசியில். "எனக்க மொகத்துக்கு நேர இத வாசிச்சவ எங்க போனாலும் பொழைச்சுக்கிடுவா. திங்கக்கிழமையே நாகர்கோவில்ல சேக்கேன்." அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "ஒங்ககிட்ட வேண்டாம் டீச்சரே. நீங்க பிள்ளைக்குப் பொய் படிச்சுக் கொடுக்கியோ."

வயலைப் பிரித்துக் கொடுத்தாரா, தெரியாது. விசாரிக்க எனக்கு என்ன யோக்கியதை?

படி இறங்கி வரும்போது அவள் பின்னால் ஓடி வந்து புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். முகம் வாடியிருந்தது.

"எனக்க மேல கோவமா டீச்சர்?"

"இல்ல மக்கா," என்றேன். அதுவும் பொய்தான்.