ஒரு நைன்ட்டி

பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெயை வைத்து நசுக்கி, விரல்களை மெல்லப் பிரிக்கிறார் விருத்தாசலம். நடுவில் நூல் போல இழுபட வேண்டும். சட்டென்று அறுந்தால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு விரலை லுங்கியில் துடைத்துவிடுவார். "இது செயின்ல நிக்காதுபா. பிரம்மதேசம் தாண்டறதுக்குள்ள மொத்தமும் டயர்ல கெடக்கும்."

மரக்காணத்தை அடுத்த குப்பத்துக்காரர். வயது நாற்பத்திரண்டு. விடிவதற்குள் கரையில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்து, பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு திண்டிவனம் வருவார். தெருவில் கூவி விற்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஹாரனைக் குட்டையாக இரண்டு தரம், நீளமாக ஒரு தரம் அடிப்பார். பூனைகள் முதலில் வரும், பெண்கள் பிறகு வருவார்கள். மீன் பழசா என்று யாராவது கேட்டால், "சங்கராவோட கண்ணப் பாரும்மா, இன்னும் உன்ன மொறைக்குது" என்பார். செவுளைத் தூக்கிக் காட்டும் முன் கையைக் கழுவிக்கொள்கிற மீன்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவருடைய எதிரி உப்புத் தண்ணீர்தான். ஐஸ் உருகி, மீனின் உப்போடு சேர்ந்து, பெட்டியின் மூலையிலிருந்து நேராகச் செயின் மேல் சொட்டும். இரண்டு நாள் கவனிக்காவிட்டால் செயின் செம்மண் நிறத்துக்கு மாறிவிடும். கண்ணிகள் மடங்காமல் விறைத்துக்கொள்ளும். ஒருமுறை பாதி வழியில் அறுந்து, பெட்டி மீன் முழுவதும் வெயிலில் கெட்டது.

அதனால் மலிவாக, நிற்கிற எண்ணெய் ஒன்றைத் தேடிக்கொண்டே இருந்தார். மெக்கானிக் ஜகபர் சாதிக் இஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலைச் சும்மாவே கொடுத்தார். அது தெறித்துப் பின் டயரை நனைத்து, ஒரு வளைவில் ஆளையே சாய்த்தது. கிரீஸ் தடவினார். கடற்கரைச் சாலை மணல் அதில் ஒட்டிக்கொண்டு பல் சக்கரத்தை அரம் போல ராவியது. விளக்கெண்ணெய் நான்கு நாளில் பிசினாக இறுகியது. மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய், ஊற்றிய இரவு எலிகள் வந்தன. டப்பாவில் வரும் ஸ்பிரேயைப் பற்றிக் கேட்டால், "அதும் வெலயச் சொன்னா வண்டி தானா நின்னுபூடும்" என்பார்.

கடைசியில் கிடைத்தது, லாரிகளின் கியர் பெட்டிக்கு ஊற்றும் தொண்ணூறாம் நம்பர் எண்ணெய். தேன் போலக் கெட்டியானது, சுலபத்தில் தெறிக்காது. லாரி சாமான் கடையில் சில்லறையாகவும் ஊற்றுவார்கள், பாட்டில் நாம் கொண்டுபோக வேண்டும். ஊரில் எளிதாகக் கிடைக்கும் பாட்டில் பிராந்தி குவார்ட்டர்தான். ஒர்க்‌ஷாப்பில் அந்த எண்ணெயின் முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. "நைன்ட்டி" என்றால் போதும். ஒயின்ஷாப்பிலும் குவார்ட்டரில் பாதிக்கு அதுவே பெயர். இரண்டு இடத்திலும் அதைப் 'போடுவது' என்றுதான் சொல்கிறார்கள்.

விருத்தாசலம் குடியை விட்டு அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்ட அன்று அவர் மனைவி சின்னபொண்ணு ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாராம்: "இன்னொரு தபா தொட்ட, நான் விழுப்புரத்துல என் தம்பி வூட்டுக்குப் போய்டுவேன், அப்புறம் கூப்ட வராத." சொன்னால் சொன்னபடி செய்கிறவர் என்று விருத்தாசலமே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

2011 ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. மீன் விற்று முடித்து, என் வீட்டுக்கு எதிரே மரக்காணம் சாலையில் இருக்கும் சாதிக்கின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தியிருந்தார். பெட்டியை இறக்கி, செயினைக் கழற்றி, மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப் போட்டிருந்தார் சாதிக். எண்ணெய் வாங்கி வந்த குவார்ட்டர் பாட்டிலோடு விருத்தாசலம் பக்கத்தில் நின்றிருந்தார். வீட்டிலிருந்து போன் வந்தது. லாரி இரைச்சலில் விருத்தாசலம் கத்தினார்: "திண்டிவனத்துலதான் கீறேன்! லேட்டாவும்! ஒரு நைன்ட்டி போட்டுக்கினு வந்துர்றேன்!"

எதிர்முனையில் போன் வைக்கப்பட்டது. அவர் போனை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

செயினைத் தேய்த்துக்கொண்டிருந்த சாதிக்கின் கை நின்றது. "அண்ணே, அண்ணிகிட்ட இன்னா சொன்ன நீ?"

"நைன்ட்டி போட்டுக்கினு வர்றேன்னேன்."

"எதுக்கு போடறன்னு சொன்னியா?"

விருத்தாசலம் அவசரமாகப் போனை எடுத்தார். திரும்பத் திரும்பப் போன் செய்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டு லட்சுமியம்மாளைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் பேசியது வெளியே கேட்டது: "பையத் தூக்கிக்கினு பஸ் ஏறிட்டாடா. விழுப்புரமாம். கண்ணுல தண்ணி கூட இல்ல."

"ஜல்தி மாட்டுடா சாதிக்கு!"

"நாலு கண்ணி இன்னும் மடங்கவே இல்லண்ணே. இப்படியே மாட்டுனா தெருமுனையில அறுந்துக்கும். விழுப்புரம் போவ இங்க வந்துதான வேற பஸ்ஸு மாறணும்? நம்ம ஸ்பீடு பிரேக்கர்ல ஸ்லோ பண்ணுவான். நில்லு."

நின்றார். முதலில் வந்த பஸ்ஸில் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே கூட ஓடினார். இல்லை. அடுத்ததற்கு வெகுநேரம் ஆனது. முகத்தைத் துடைக்கத் துடைக்க நெற்றியெல்லாம் கரி ஏறியது. உட்காரச் சொன்னோம், தண்ணீர் கொடுத்தோம். இரண்டும் அவர் காதில் விழவில்லை.

அடுத்த பஸ் தெரிந்ததும் நடுரோட்டில் போய்க் கையைத் தூக்கினார். கையில் குவார்ட்டர் பாட்டில் இருப்பதை அவர் மறந்திருந்தார். பிரேக் கிறீச்சிட்டது.

"யோவ், பட்டப்பகல்லயே ஏத்திக்கினியா? தள்ளுய்யா!" என்றார் கண்டக்டர்.

மூன்றாவது ஜன்னலில் சின்னபொண்ணு இருந்தார். புருஷனைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். கையில் பையோடு இறங்கி வந்தார்.

"கையில வச்சிக்கினே நிக்கிறியா? ரோட்ல போறவன்லாம் பாக்கட்டும்னா?"

"இது அது இல்லடி. மோந்து பாரு."

"இப்ப புதுசா மோந்து பாக்கணுமா? ஒன்றர வருசமா தெனம் ராத்திரி நீ தூங்கனப்புறம் உன் வாய மோந்துட்டுதான் நான் படுக்கறேன்."

விருத்தாசலத்துக்கு அது தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

சாதிக் ஓடி வந்தார். "அண்ணி, சத்தியமா அது லாரி ஆயிலு. செயினுக்கு."

"நீ சும்மா இரு தம்பி."

பஸ் ஹாரன் அடித்தது. "ஏர்றியாம்மா, இல்லியா? பின்னால எத்தினி வண்டி நிக்குது பாரு!"

சின்னபொண்ணு பாட்டிலைப் பிடுங்கி மூடியைத் திருகி மூக்கருகே வைத்தார். கந்தக நாற்றம் முகத்தில் அறைந்திருக்க வேண்டும், இருமிவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது இருமலால் வந்ததுதானா என்று எனக்குத் தெரியாது. சிரிக்கவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மூடியை இறுக்கி, பாட்டிலைப் புருஷன் கையில் கொடுத்தார். பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையை அசைத்தார்.

பிறகு ஒர்க்‌ஷாப்புக்குள் நடந்துபோய், ஸ்டாண்டில் நின்ற மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் பக்கவாட்டாக ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். செயின் இன்னும் மண்ணெண்ணெய்த் தட்டில்தான் கிடந்தது. அவர் குனிந்து பார்த்து, புடவைக் கொசுவம் செயின் ஓடும் பக்கம் தொங்காதபடி வாரி இடுக்கிக்கொண்டார்.