உள்பக்கம் தேய்ந்த டயர்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அவிநாசிப் பக்கத்தில் மோட்டார் ஓட்டிய பெண் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் தலை கொஞ்சம் நிமிரும், நிமிரட்டும்.

என் வீட்டுக்காரர் பருத்தி வெள்ளாமைக்காரர். துணிக்கூரை போட்ட உயரமான மோட்டார் ஒன்றைப் பழசாக வாங்கியிருந்தார். கோயமுத்தூர் ரோட்டிலும் ஓடும், தோட்டத்து வண்டித்தடத்திலும் ஏறும். ஒருநாள் முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பும்போது அது எதிர்த்து உதைத்து அவர் மணிக்கட்டை முறித்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் ஓட்டப் பழகினேன். கட்டுப் பிரித்த பிறகும் நான் ஸ்டியரிங்கை விடவில்லை. அவரும் கேட்கவில்லை.

நான் ஓட்டத் தொடங்கிய சமயத்தில்தான் முன்சக்கரங்களுக்குப் புது டயர் போட்டோம். பருத்தி எடுப்பு முடிவதற்குள் இரண்டிலும் உள்பக்க ஓரம் தேய்ந்து உள்ளே இருந்த துணி தெரிந்தது. வெளிப்பக்கம் மட்டும் புதுசு போலவே இருந்தது.

மாமனார் வாசலில் நின்று சத்தமாகவே சொன்னார்: "பொம்பளை கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான். நாளையில இருந்து அவனே ஓட்டட்டும்."

வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. சக்கரத்தின் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தேன். டயரின் குறுக்கே கையை ஓட்டினேன். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கமாகத் தடவினால் விரலைக் கிழித்தது.

"ஏனுங்க, இங்க வந்து தொட்டுப் பாருங்க."

அவர் தடவினார். "அட, ரம்பமாட்டம் இருக்குது."

"நேரா உருள்ற டயரு இப்படித் தேயாதுங்க. பக்கவாட்டுல இழுபட்டுட்டே போயிருக்குது."

"பாத்தா நேராத்தான இருக்குது?"

"அளந்து போடலாமுங்க."

வண்டிக்கு அடியில் குச்சி நுழையும் உயரத்தில், இரண்டு முன்சக்கரங்களின் முன்புறமும் சுண்ணாம்புப் புள்ளி வைத்தேன். புள்ளிக்குப் புள்ளி சரியாக ஒரு மூங்கில் குச்சியை நறுக்கினேன். ஆட்களை விட்டு வண்டியை மெல்லத் தள்ளச் சொல்லி, அதே புள்ளிகள் பின்புறம் அதே உயரத்துக்கு வந்ததும் குச்சியைப் பிடித்துப் பார்த்தேன். குச்சி நுழையவில்லை, நீளம் மிஞ்சியது. சக்கரங்கள் முன்னால் அகண்டு பின்னால் ஒடுங்கி நின்றன; அதனால்தான் உள்ளோரம் இழுபட்டுத் தேய்ந்திருந்தது.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் புகுந்தேன். இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புத் தண்டு நடுவில் வளைந்து, நீளம் குறைந்து, சக்கரங்களின் பின்பக்கத்தை உள்ளே இழுத்திருந்தது. வளைவில் கல் உரசிய பழைய தழும்பு, துருவேறிக் கிடந்தது. அவரையும் குனியச் சொல்லிக் காட்டினேன். அவர் தழும்பை விரலால் தடவினார். பிறகு எழுந்து நேராக அப்பாவிடம் போனார்.

"ஐயா, கை முறியறதுக்கு முந்தியே, தோட்டத்துத் தடத்துல மூட்டையோட போயி நடுமேட்டுக் கல்லுல அடிச்சுப்போட்டேனுங்க. அப்ப வளைஞ்சதுங்க இது. இவ மேல தப்பு இல்லீங்க."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் நானே கோயமுத்தூருக்கு ஓட்டிப் போனேன். பட்டறைக்காரர் தண்டைக் கழற்றிக் காய்ச்சி நிமிர்த்தினார். மாட்டியதும் அங்கேயே இன்னொரு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். திரும்பும் வழியில் ஸ்டியரிங் என் கையில் அசையாமல் நின்றது. அதுவரை அது அலைந்துகொண்டே இருந்ததை நான் வண்டியின் சுபாவம் என்று நினைத்திருந்தேன். அடுத்துப் போட்ட டயர்கள் ஓரமும் நடுவும் ஒன்றாகவே தேய்ந்தன. பார்க்கிற ஆட்களை எல்லாம் தொட்டுப் பார்க்கச் சொல்லுவேன்.

சில மாதம் கழித்துப் பெருந்துறையிலிருந்து ஒரு பஸ் முதலாளி மாமனாரைப் பார்க்க வந்தார். தன் பஸ்ஸுக்கு எந்த டயர் போட்டாலும் ஒருபக்கமாகவே தேய்ந்து போகிறதென்று குறைப்பட்டுக்கொண்டார். நான் மோர் கொண்டுவந்து வைத்தேன்.

மாமனார் என்னைப் பார்க்காமலே அவரிடம் சொன்னார்: "பஸ்ஸ இங்க கொண்டாந்து நிறுத்துங்க. எங்க ஊட்டு அம்மணி பாத்துச் சொல்லும்."