பதினெட்டு மாதம் என்று சொன்ன விளையாட்டு

என் தங்கை ஒரு வீடியோ கேம் செய்தாள். பதினெட்டு மாதத்தில் முடிப்பதாகச் சொன்னாள். ஆறு வருடம், நான்கு மாதம், பதினோரு நாள் ஆனது. லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். எந்த வேலையை எப்போது தொட்டேன், எப்போது முடித்தேன் என்று தேதி போட்டு எழுதி வைப்பது பழக்கமாகிவிட்டது. அதே நோட்டில் இதையும் எழுதி வைத்திருந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அவள் செய்த வேலையின் நுணுக்கமெல்லாம் எனக்கு விளங்காது. ஆனால் அது நடந்தது எங்கள் வீட்டில், என் கண்ணெதிரே.

எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். சின்னதில் அவளோடு சீட்டு விளையாடவே முடியாது. "இந்த ராணிக்கு அந்த ராஜாவைப் பிடிக்காது, பக்கத்துல வெக்காதண்ணா" என்பாள். மீறி வைத்தால் ஆட்டத்தையே கலைத்துவிடுவாள். பிறகு கம்ப்யூட்டர் படித்தாள், காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் இடத்தில் ஐந்து வருடம் இருந்தாள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, வேலையை விட்டாயிற்று என்றாள். அம்மா மருத்துவமனையில் முப்பது வருடம் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் சட்டென்று பதற மாட்டார். "தட்டுல மிச்சம் வெக்காம தின்னுட்டு மீதியச் சொல்லு" என்றார்.

மீதி இதுதான். நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஓர் ஊர். விளையாடுகிறவர் அந்த ஊருக்குப் புதிதாக வரும் தபால்காரர். கலங்கரை விளக்கம் ஏன் அணைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். சுட்டு வீழ்த்துகிற வேலை கிடையாது. பேச்சுதான். யாரிடம் உண்மை சொல்கிறோம், யாரிடம் பொய் சொல்கிறோம் என்பதை வைத்துக் கதை திரும்பும். நாமே அந்த ஆளாக மாறி விளையாடுவதால் இதற்கு ரோல் பிளேயிங் கேம் என்று பெயராம்.

இணையத்தில் ஒரு தளம் உண்டு. 'இப்படி ஒன்று செய்யப் போகிறேன், நம்புகிறவர்கள் முன்கூட்டியே கொஞ்சம் பணம் கொடுங்கள், முடிந்ததும் முதல் பிரதி உங்களுக்கு' என்று அதில் எழுதிப் போடலாம். முப்பது நாள் கெடு. இருபத்தைந்தாம் நாளே தேவையானது சேர்ந்துவிட்டது. அதற்கு மேலும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இன்னும் சேர்ந்தால் கூடுதலாக என்ன தருவீர்கள் என்று ஒருவர் கேட்டார். அவள் அப்போது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையின் கட்டைவிரலால் ஒரு வரி எழுதி அனுப்பினாள்: "இந்த ஊரின் நூற்று நாற்பது பேரும் நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் கடைசிவரை நினைவில் வைத்திருப்பார்கள்."

எழுத ஒரு நிமிடம். செய்ய நாலரை வருடம்.

கெடு முடிந்தபோது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். முகம் தெரியாத இத்தனை பேருக்கு எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் வாக்குக் கொடுத்ததில்லை.

துணி அடுக்கும் அறையைக் காலி செய்து கொடுத்தோம். கீழே டயர் கடை. காற்று அடிக்கும் இயந்திரம் ஓடினால் மேசையில் பேனா உருளும். அவளோடு பழைய கம்பெனியில் இருந்த ஓவியர் ஒருவர் சேர்ந்துகொண்டார். ஆறடிக்கு மேல் உயரம், உடம்பில் சதை என்று ஒன்று கிடையாது. அம்மா முதல் நாளே ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்துவிட்டார், அது ஒட்டடை என்று சுருங்கியது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே வரும்போதே "அம்மா, ஒட்டடை வந்திருக்கேன், எந்த மூலையிலயாவது தூசி இருக்கா?" என்பார்.

வேலை ஏன் இழுத்தது என்று நான் கேட்டபோது அவள் இப்படிச் சொன்னாள். "ரொட்டிக் கடைக்காரர்கிட்ட எனக்கு அம்மா இல்லைன்னு சொல்றே. படகுக்காரர்கிட்ட, அம்மாதான் அனுப்பினாங்கன்னு சொல்றே. அவங்க ரெண்டு பேரும் சாயந்திரம் சேர்ந்து உக்காந்து பேசுவாங்கல்ல? அப்போ நீ மாட்டணும்." இரண்டு பேருக்கே இவ்வளவு என்றால் நூற்று நாற்பது பேருக்கு எவ்வளவு? யாருக்கு என்ன தெரியும், யார் யாரிடம் சொல்வார்கள் என்று பெரிய தாள்களில் கோடு போட்டு எழுதி ஒட்டினாள். நான்கு சுவரும் நிறைந்து கதவின் பின்பக்கமும் நிறைந்தது. "ஃபேன் இறக்கை மட்டும் சும்மா கெடக்கு, அதுலயும் ஒட்டிடு" என்றார் அம்மா.

காலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான்கு மணி நேரம் தட்டச்சு வேலை, பிறகு முழுக்க இது என்று அவள் நாள் ஓடியது. சொன்ன தேதி போனது. இரண்டாவது தேதியும் போனது. மூன்றாம் வருடம் மூன்றாவது தேதியும் போனபோது அந்தத் தளத்தில் ஆட்கள் வாய்க்கு வந்தபடி எழுத ஆரம்பித்தார்கள். சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று ஒருவர். மாதம் தவறாமல் முதல் தேதியன்று ஒருவர் "இன்னும் உயிரோடு இருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்பார். எழுபத்தோரு பேர் கொடுத்ததைத் திரும்பக் கேட்டார்கள், கொடுத்தாள். எல்லாருக்கும் அவள் எழுதிய பதில் "விரைவில்" என்ற ஒரே சொல்.

எனக்கு எரிச்சல் வந்தது. "லிஃப்ட் நின்னு போச்சுன்னா நாங்க போர்டு மாட்டுவோம். 'பழுது'ன்னு மட்டும் எழுதினா ஜனங்க கதவை எட்டி உதைப்பாங்க. 'கம்பிவடம் மாத்துறோம், நாலு மணிக்கு ஓடும்'னு எழுதிப் பாரு, பேசாம படியேறிப் போவாங்க. நீ என்னடான்னா விரைவில், விரைவில்னுட்டு."

"நாலு மணிக்கு ஓடலைன்னா?"

"ஏன் ஓடலைன்னு எழுது. அதுக்கு என்ன இப்போ?"

அந்த மாதத்திலிருந்து அவள் ஒவ்வொரு மாதமும் எத்தனை பேருக்கு ஞாபகம் வந்தாயிற்று, யாரிடம் சிக்கல், எதனால் என்று எழுதலானாள். திட்டுவது குறைந்தது. ஒரேயடியாக நிற்கவில்லை.

ஐந்தாம் வருடம் ஒட்டடை சோர்ந்து போனார். "தாயே, பாதிப் பேருக்கு மட்டும் ஞாபகம் இருந்தா போதாதா? ஊர்ல எல்லாருக்குமா எல்லாம் ஞாபகம் இருக்கு? எங்க மாமாவுக்கு என் பேரே ஞாபகம் இல்ல."

"உங்க மாமாவுக்காக நான் வாக்குக் கொடுக்கல. நூத்தி நாப்பது பேருக்கும்னு எழுதினேன். நூத்தி நாப்பது பேருக்கும்."

கடைசியில் அவள் நான்காவது தேதியை அறிவித்தாள், ஒரு வெள்ளிக்கிழமை. ஏழு பேர் விளையாடிச் சோதித்து எல்லாம் சரி என்றுவிட்டார்கள். வாழ்நாளில் கேம் விளையாடாத ஒருவரும் சோதிக்க வேண்டும் என்று அம்மாவை உட்கார வைத்தாள். அம்மா ஒரு விரலால் பொத்தானை அமுக்கி, திரையில் இருக்கிறவர்களோடு வாய்விட்டுப் பேசியபடி இருபது நாளாக ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். கதை பாதி தாண்டி, படகேறி எதிர்க்கரைக்கும் போய்விட்டார். கதையில் பிறகு ஊருக்கு வரும்போது கலங்கரை விளக்கத்தடியில்தான் இறங்க வேண்டும், பழைய படகுத்துறைக்குப் போக அவசியமே இல்லை.

வெளியீட்டுக்கு ஆறு நாள் இருந்தது. மதியம் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குடி. துறைக்குப் பக்கத்துல வலை பின்னுறாளே ஒருத்தி, அவளுக்கு வந்த கடுதாசில துக்கச் சேதி இருந்துச்சு. கொடுக்க மனசு வரல. மழையில நனைஞ்சு போச்சுன்னு பொய் சொல்லிட்டேன். திரும்பிப் போய் ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வந்துடறேன்."

பழைய படகுத்துறையில் போய் இறங்கினார். வலை பின்னுகிறவள் நிமிர்ந்து பார்த்து, "ஊருக்குப் புதிதா?" என்றாள்.

"என்னடி இது, உன் ஆளுக்கு என்னை அடையாளமே தெரியல!"

தங்கை எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. படகுத்துறையில் இறங்கினால் ஊர் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று முதல் வருடத்தில் அவளே எழுதியது, அப்படியே கிடந்திருக்கிறது. சோதித்த ஏழு பேரும் கதையை முடிக்கும் அவசரத்தில் முன்னால்தான் போனார்கள், ஒருவரும் அந்தத் துறைக்குத் திரும்பவில்லை. திரும்பினால் நூற்று நாற்பது பேரும் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள்.

ஒட்டடை தலையில் கை வைத்தார். "விட்ரு தாயே. பொய் சொன்னதுக்கு மன்னிப்பு கேக்க படகு புடிச்சு எவன் திரும்பி வரப்போறான்? ஒரு ஆளு வரமாட்டான்."

"எங்கம்மா வந்தாங்களே."

அவள் உட்கார்ந்து எழுதினாள். வெள்ளிக்கிழமை வெளிவராது. படகுத்துறைக்குத் திரும்பினால் ஊர் உங்களை மறந்துவிடுகிறது. கண்டுபிடித்தது என் அம்மா, ஒரு பொய்க்காக மன்னிப்புக் கேட்கப் போனார். இதைச் சரிசெய்யப் பன்னிரண்டு நாள் வேண்டும். பதின்மூன்றாம் நாள் காலை பத்து மணி.

அனுப்பிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பதில்களை நான்தான் படித்தேன். பயந்துகொண்டே படித்தேன். ஒரு மணி நேரத்தில் முந்நூறுக்கு மேல் வந்தன. "அம்மாவுக்கு என் வணக்கம்." "நானும் பொய் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிற ஆள்தான், காத்திருக்கிறேன்." உயிரோடு இருக்கிறீர்களா என்று மாதாமாதம் கேட்பவரும் எழுதியிருந்தார்: "ஆறு வருடம் நின்றாயிற்று, பன்னிரண்டு நாள் உட்கார்ந்தே காத்திருப்பேன்." கதவைத் தட்டி எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டினேன். உள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

விளையாடுகிறவர் கேட்டதையும் சொன்னதையும் படகுத்துறை மறக்காமல் இருக்க, அந்த முதல் வருட வேலையைப் பிரித்து மறுபடி கட்டினாள். கீழே டயர் கடைக்காரரிடம் சொல்லி, அந்தப் பன்னிரண்டு நாளும் காற்று இயந்திரத்தைத் தெருப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்ளச் செய்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான். பதினோராம் நாள் மாலை அம்மாவைக் கூப்பிட்டாள். நாங்கள் மூவரும் நாற்காலிக்குப் பின்னால் நின்றோம். அம்மா படகிலிருந்து இறங்கி வலை பின்னுகிறவளின் முன்னால் போய் நின்றார்.

அவள் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "கடிதம் மழையில் நனைந்ததாகச் சொன்னாய். அன்று மழையே பெய்யவில்லை."

"அடிப்பாவி! தெரிஞ்சேதான் சும்மா இருந்தியா?" என்று அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். ஒட்டடை குதித்ததில் உச்சி ஃபேனில் பட்டிருக்கும், நல்லவேளை அது ஓடவில்லை. தங்கை அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் ஆறு வருடமாகக் கேட்டதில்லை.

பதின்மூன்றாம் நாள் நான் விடுப்பு எடுத்தேன். ஒட்டடை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். சரியாகப் பத்து மணிக்கு அவள் பொத்தானை அமுக்கினாள். மாலைக்குள், காத்திருந்தவர்களில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் விளையாடத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வாரத்தில் புதியவர்களும் வாங்கி, மொத்தம் அறுபத்தோராயிரம் ஆனது. பத்திரிகைகளில் எழுதினார்கள். அவளைத் திட்டியவர்களில் பலர் தாங்கள் எழுதியதை அவர்களாகவே அழித்துவிட்டார்கள். அவள் எதையும் அழிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

எட்டாம் நாள் ஒட்டடை கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். எத்தனை பேர் எங்கே போனார்கள் என்று அதில் தெரியும்.

"தாயே, வலைக்காரிகிட்ட மன்னிப்பு கேக்கத் திரும்பி வந்தவங்க ஒம்பதாயிரத்து நானூத்திச் சொச்சம்."

"பொய் சொன்னவங்க எத்தனை பேரு?" என்று அம்மா கேட்டார்.

"நாப்பதாயிரத்துக்கு மேல."

"மீதிப் பேரும் மெதுவா வரட்டும்" என்றார் அம்மா. "அவதான் மறக்க மாட்டாளே."