பெரிய எழுத்தில் என் பெயர்

லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் படுக்கவே படுக்காது என்று வீட்டில் சத்தியம் செய்திருந்தேன். எங்கள் காலடிப்பேட்டையில் கண்டெய்னர் லாரி போனால் ஜன்னல் ஆடும், அலமாரியில் பாத்திரம் ஆடும். என் கம்ப்யூட்டர் மட்டும் அசையாது என்பதுபோல் பேசிக்கொண்டு திரிந்தேன். தெருவில் வேறு யாரிடமும் லினக்ஸ் இல்லை. யாரும் அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

அக்கா கல்லூரியில் கடைசி வருடம். அவளுடைய புராஜெக்ட் அறிக்கை முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஃபிளாப்பியில் ஒரு காப்பி எடுத்து வைக்கச் சொன்னாள். அதெல்லாம் விண்டோஸ்காரர்களின் பயம் என்று சொல்லிவிட்டேன். நன்றிப் பக்கத்தில் "கணினி உதவி: என் தம்பி" என்று அடித்திருந்ததைக் காட்டினாள். பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு அம்மா தையல் மெஷின், அரிவாள்மனை, சைக்கிள், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பாரபட்சமில்லாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் காலை மானிட்டரை மட்டும் துடைத்துவிட்டு ஆன் செய்தேன். அதற்கடுத்த நாள் அக்கா அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும்.

வழக்கமாகத் தானே கிளம்பிவிடும் லினக்ஸ், பாதியில் நின்று எதைத் தொடங்கட்டும் என்று கேட்டது. linux என்று அடித்தேன். திரையில் LINUX என்று விழுந்தது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது. எரிச்சலில் வெறும் எண்டரைத் தட்டியதும் மேலே போய், பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. பெயரும் பெரிய எழுத்தில்தான் விழுந்தது. லினக்ஸுக்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது.

கேப்ஸ் லாக் விளக்கு எரியவில்லை. ஆகவே பிரச்சினை ஆழமானது என்று முடிவு செய்தேன். கீபோர்டு அமைப்பு ஃபைல் கெட்டிருக்கும் என்றேன். பிறகு, யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்றேன். வீட்டில் இன்டர்நெட்டே கிடையாது; அந்தச் சின்ன விஷயம் என் ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. கடைசியில் லினக்ஸ் சிடியைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று அறிவித்தேன்.

"எல்லாத்தையும்னா, என் புராஜெக்டும் தானே?" என்றாள் அக்கா. அப்போதுதான் எனக்கே அது உறைத்தது. ஆத்திரத்தில் கீபோர்டை ஓங்கிக் குத்தினேன்.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். "இன்னாடா, வேலு மேல குத்திகினு கீற? சாமி குத்தம்டா!"

"எந்த வேலும்மா?"

இடது ஓரத்து ஷிஃப்ட் விசையைக் காட்டினாள். அதன்மேல் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று உண்டு. "இதோ, வேலு போட்டு கீதே. அதான் இதுக்கு மட்டும் நல்லா கெட்டியா சந்தனம் வச்சேன்."

கெட்டியாகத்தான் வைத்திருந்தாள். சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, விசையை அமுக்கியபடியே பிடித்திருந்தது. ஷிஃப்ட் அமுங்கியே இருந்தால் லினக்ஸ் தானே கிளம்பாமல் நின்று கேட்கும்; அடிப்பதெல்லாம் பெரிய எழுத்தில்தான் விழும்.

அக்கா கொண்டை ஊசியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தாள். விசை டக்கென்று மேலே வந்தது. நான் சின்ன எழுத்தில் உள்ளே போனேன். "தள்ளு" என்று என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தவள், முதல் வேலையாக ஃபிளாப்பியைச் செருகினாள்.

கல்லூரியில் அறிக்கையைப் புரட்டிய ஆசிரியர் நன்றிப் பக்கத்தில் நின்றாராம். "கணினி உதவி: முருகன் என்று போட்டிருக்கிறாயே, யாரம்மா அது? கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாரா?"

"எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சவரு சார்" என்றாளாம் அக்கா.