சித்தப்பாவுக்கு முளைக்க வேண்டிய விரல்கள்

ஒன்பதாம் வகுப்புக்குச் செல் பிரிதல் பாடம் நடத்தும்போது ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டுவிடும். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் புள்ளி வைத்து, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுவதைச் சொல்லியிருப்பேன். அவற்றில் சில தோலுக்கும் சில எலும்புக்கும் சில நரம்புக்குமாக ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொண்டு போவதையும் சொல்லி முடித்திருப்பேன். அப்போதுதான் ஒரு கை உயரும். "பல்லிக்கு வாலு மொளைக்குதே டீச்சர், நமக்கு ஏன் வெரலு மொளைக்கறதில்ல?"

பதில் எனக்குத் தெரியும். வேப்பம்பட்டுப் பள்ளிக்கூடத்தில் இத்தனை காலமும் அதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். ஆனால் எட்டு வயதில் இந்தக் கேள்விக்கு நான் வேறொரு பதில் வைத்திருந்தேன். அதைப் பெரியவர்கள் கூடிப் பேசும் இடத்தில் போய் உரக்கச் சொல்லவும் செய்தேன்.

எங்களுடையது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். வலையை விட்டு வேறு வேலைக்குப் போன முதல் ஆள் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒன்றிரண்டு கம்பெனிகள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. தகரத்தை அழுத்தி டப்பா மூடி செய்யும் ஒரு ஷெட்டில் அவருக்கு வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு பொன்னேரிக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து ரயில் ஏறுவார். குப்பத்தில் அவர் ஒருவர் மேல்தான் மீன் வாடை அடிக்காது, மெஷின் எண்ணெய் வாடை அடிக்கும். அந்த வாடையை நம்பித்தான் தாத்தா, அதாவது என் அம்மாவின் அப்பா, தன் இளைய மகளை அவருக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அண்ணன் தம்பிக்கு அக்கா தங்கை. சித்தி எனக்கு ஏற்கெனவே சித்தி, கல்யாணம் ஆனால் இன்னொரு வழியிலும் சித்தி. அதில் எனக்குப் பெரிய லாபம் இருப்பதாகத் தோன்றியது.

வாக்குக் கொடுத்த கொஞ்ச நாளிலேயே மூடி அழுத்தும் மெஷின் சித்தப்பாவின் வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்துக்கொண்டது. கம்பெனி வேறு ஆள் பார்த்துக்கொண்டது. கட்டு அவிழ்த்த பிறகும் அவர் கையின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி இடது கையால் சாப்பிடுவார். அதை யாரும் பார்த்துவிடக் கூடாது. ஒரு நாள் நான் பார்த்துவிட்டேன். அன்று அவர் பாதிச் சோற்றில் எழுந்துபோனார். எனக்கு அழுகை வந்தது.

தை மாதம் நாள் குறிக்கிறேன் என்று சொல்லியிருந்த தாத்தா, பங்குனி வரட்டும் என்றார். "எங்க நைனா மனசு மாறிக்கினே போவுது," என்று அம்மா அப்பாவிடம் சொல்வது என் காதில் விழுந்தது.

எனக்குப் புரிந்தவரை விஷயம் மிக எளிது. விரல் இல்லை, அதனால் கல்யாணம் இல்லை. விரல் முளைத்தால் கல்யாணம் உண்டு. முளைக்குமா என்ற சந்தேகம் ஏரிக்கரைப் பிள்ளைக்கு வரவே வராது. ஒற்றைக் கொடுக்கோடு வலையில் ஏறும் நண்டுகளையும், ஒரு பக்கம் பெரிய கொடுக்கும் மறுபக்கம் பொம்மை மாதிரி குட்டிக் கொடுக்குமாக வரும் நண்டுகளையும் தினமும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கேட்டால், "ஒடிஞ்சி மொளைக்குது," என்பார்கள், ஏதோ தூறல் போடுகிறது என்கிற மாதிரி. நண்டுக்கு முளைப்பது சித்தப்பாவுக்கு முளைக்காதா? அவர் என்ன நண்டைவிட மட்டமா?

அப்பாவிடம் அடம்பிடித்து, வலது கொடுக்கு ஒடிந்த சின்னச் சேற்று நண்டு ஒன்றை வாங்கினேன். உடைந்த மண்தொட்டியில் சேறும் ஏரித் தண்ணீரும் விட்டு, அதை வீட்டுப் பின்னால் வைத்தேன். மீன் குடல் போட்டேன். ஒடிந்த இடத்தில் கொஞ்ச நாளில் பருப்பு மாதிரி ஒரு மொட்டு வந்தது. ஓடிப்போய்ச் சித்தப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

"இது சட்டை உரிச்சா கொடுக்கு வந்துடும். உனுக்கும் அப்டிதான் சித்தப்பா. நீ எப்ப சட்டை உரிப்ப?"

அவர் சிரிக்கவில்லை. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தொட்டியை வெகுநேரம் பார்த்தார். பிறகு துண்டை விலக்கித் தன் கையைப் பார்த்தார். வெட்டுப்பட்ட இடத்தைத் தோல் வந்து மூடி, வழவழவென்று பளபளத்தது. "மொளைச்சா மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லு," என்றார். அதன்பின் காலையில் நான் எழுவதற்கு முன்பே தொட்டியருகில் நின்றிருப்பார். என் வைத்தியத்தை ஒரு பெரிய மனுஷர் நம்புகிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த நாட்களில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தாத்தா வீடு அடுத்த தெருதான். சித்தி கிழிந்த வலைத்துண்டுகளைச் சுருட்டி என்னிடம் கொடுப்பாள். "ஒங்க ஊட்ல குடுத்துடு, அப்டியே வாங்கிக்கினு வா," என்பாள். யாரிடம் என்று சொல்லமாட்டாள். ஆனால் நான் கொண்டுபோனதும் சித்தப்பாதான் வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். சில நாள் கழித்து, கிழிசலெல்லாம் முடிந்திருக்க, சுருட்டித் திருப்பித் தருவார். முதல் சுருளைப் பார்த்துவிட்டுச் சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு வந்த சுருள்களை விரித்து, ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தாள். ஒரு முறை எனக்கு முறுக்குக் கூடக் கொடுத்தாள். தாத்தா மட்டும் வலையை உலர்த்தும்போது முணுமுணுப்பார்: "எவன்டா இவன், முடிச்ச திருப்பிப் போட்டுக்கீறான்?" சித்தி, "நான்தான் நைனா, கை பழக்கமில்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஒரு காலை சித்தப்பாவுக்கு முன்பே நான் எழுந்து போய்ப் பார்த்தபோது, தொட்டியில் நண்டு அசையாமல் கிடந்தது. குச்சியால் தொட்டால் ஆடியது, உயிரில்லை. நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடிவந்தாள். அதை எடுத்துத் திருப்பினாள். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் ஓடு. கால், கண், மீசை வரைக்கும் அப்படியே விட்டுவிட்டு நண்டு வெளியேறியிருந்தது. சேற்று மூலையில் இன்னொன்று ஒடுங்கிக் கிடந்தது. தொட்டால் நசுங்கிவிடும்போல் மெத்தென்று, கொஞ்சம் பெரிதாக. வலப்பக்கம் புதிதாக ஒரு வெளுத்த குட்டிக் கொடுக்கு.

"தொடாதடி. பச்ச ஒடம்புக்காரி," என்றாள் அம்மா, பிரசவம் ஆனவளைச் சொல்வதுபோல.

அவர் கேட்டிருந்தபடி உடனே ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். வந்து பார்த்தார். அந்தக் குட்டிக் கொடுக்கு மெல்லத் திறந்து மூடியது. எழுந்து ஏரிப் பக்கம் போய்விட்டார். சந்தோஷத்தில் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

பங்குனியில் தாத்தா உறவில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மோர் கொடுத்தார்கள். அவர் டம்ளரைத் தொடவில்லை.

"பொண்ணுக்கு வயசு ஏறிக்கினே போவுது. வேற எடம் ஒண்ணு வந்துக்கீது. தப்பா நெனச்சிக்காதீங்க. வலை இழுக்கக் கையில்ல, கம்பெனியும் இல்ல. நாளைக்குப் பீச்சாங்கையால தாலி கட்டினா ஊரே சிரிக்கும். நான் பெத்தவன், யோசிக்கணுமில்ல?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கதவோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சித்தப்பா துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு, "உங்க இஷ்டம் மாமா," என்றார். இவர்களுக்கெல்லாம் செய்தி தெரியாமல்தான் இப்படிக் கஷ்டப்படுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பின்னால் ஓடி, நண்டை முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து நடுவில் வைத்தேன்.

"தாத்தா, இதுக்கு மொளைச்சிடுச்சி பாரு! சித்தப்பாவுக்கும் மொளைக்கும். அடுத்த தபா சட்டை உரிக்கட்டும், அதுவரிக்கும் இரு!"

வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் நண்டு முறத்தை விட்டு இறங்கிவிட்டது. சட்டை உரித்த இத்தனை நாளில் அதன் ஓடு இறுகியிருந்தது. பெரிய இடது கொடுக்கைத் தூக்கிக்கொண்டு அது நேராகத் தாத்தாவின் காலைப் பார்த்துப் போனது. ஏரியில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

சித்தப்பா யோசித்துச் செய்தார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. துண்டை உதறினார். பாதத்தின் ஓரத்தால் நண்டின் முதுகை அழுத்தினார். சுவரில் தொங்கிய வலை நூலை இடது கையால் உருவி, ஒரு முனையை வலது கையின் மிச்ச விரல்களுக்குள் இடுக்கி, கொடுக்கைச் சுற்றி ஓட்டி இழுத்து முடிந்தார். நல்ல கையிருக்கிற எங்கள் ஆட்கள் நண்டு கட்டும் அதே வேகம்.

தாத்தா குனிந்து நண்டை எடுத்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார், இளகவில்லை. கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என் வலையில கீற முடிச்சாச்சே," என்றார்.

தாத்தா சித்தப்பாவைப் பார்த்தார், கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். வலைச் சுருளைத் தூக்கிக்கொண்டு நான் அவர் கண்முன்னால்தானே தெருவைத் தாண்டிப் போய்வந்தேன்! "கை பழக்கமில்லியாம், அந்தக் கழுதைக்கு," என்று தன் மகளைத் திட்டிக்கொண்டே, தொடாமல் வைத்திருந்த மோரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை இடது கையால் தாலியை எடுத்ததும் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. உதவிக்கு வந்த பெண்களைத் தாத்தா கைகாட்டி நிறுத்தினார். "மூணு முடிச்சையும் மாப்ளையே போடட்டும்."

கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. சில நண்டுகளில் ஒரு கொடுக்கு நொறுக்குவதற்கு, மற்றது வெட்டுவதற்கு. நொறுக்கும் கொடுக்கு ஒடிந்துபோனால், புதிதாக முளைக்கும் சின்னது அந்த வேலைக்கு வருவதில்லை. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் மறுபக்கக் கொடுக்கு தடித்துத் தடித்து நொறுக்கும் கொடுக்காகிவிடும். என் தொட்டி நண்டு அந்த வகைதானா என்று எனக்குத் தெரியாது. அதன் இடது கொடுக்கை நான் ஒரு நாளாவது கவனித்துப் பார்த்திருந்தால்தானே தெரியும்?

கல்யாணப் பந்தலிலும் நான் மொட்டைப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, நான் சித்தியின் காதில் போய்ச் சொன்னேன்:

"சித்தப்பாவுக்கு வெரலு மொளைக்கவே இல்லியே, சித்தி."

சித்தி புதுத் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "மொளைச்சிடுச்சிடி. நீ பாக்கல," என்றாள்.

உடனே சித்தப்பாவின் வலது கையை இழுத்துத் தடவிப் பார்த்தேன். அது முன்போலவே வழவழவென்று இருந்தது. கல்யாணப் பெண் பொய் சொல்லலாமா என்று எனக்குக் கோபமாக வந்தது. அன்று முழுவதும் நான் சித்தியோடு பேசவில்லை.